வால் போட்ட பக்கங்கள்

நகர நூலகத்தின் தேர்வுப் பிரிவில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பொருத்தமான பெயர் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. பதிப்பாளர்கள் மூட்டை மூட்டையாக அனுப்பும் புத்தகங்களில் எது அலமாரிக்குப் போக வேண்டும், எது வந்த வழியே திரும்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அட்டையைப் பார்த்து மயங்க மாட்டாள். முன்னுரையை நம்ப மாட்டாள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நின்றபடியே படிப்பாள். நாற்காலியை இழுத்து உட்கார வைக்கிற புத்தகம் தேறியது, மற்றது தேறாதது. இத்தனை வருடங்களில் இந்த அளவுகோல் அவளை அதிகம் ஏமாற்றியதில்லை.

அந்த மாதம் அவள் மேசையில் முதல் உலகப் போர் குவிந்து கிடந்தது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் எழுதியவை நூலகத்தில் ஏற்கெனவே ஓர் அடுக்கு நிறைய இருந்தன. அமெரிக்கச் சிப்பாய்களும் பிரெஞ்சுச் சிப்பாய்களும் பதுங்குகுழிகளில் பட்ட பாட்டைச் சொல்லும் புத்தகங்கள்தான் இல்லை. அவற்றைத் தேர்ந்து தரச் சொல்லியிருந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் பத்தோடு பதினொன்றாக இதையும் முடித்திருப்பாள். ஆனால் அதே மாதத்தில்தான் அவளுடைய ஒரே மகன் ராணுவத்தில் சேரப் பெயர் கொடுத்து, உடற்தேர்விலும் தேறி, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் வந்து நின்றான். மாதக் கடைசியில் பயிற்சி முகாமுக்குக் கிளம்ப வேண்டும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். கணவர் எழுந்து போய் மகனின் தோளில் கை வைத்தார்.

கணவரும் ஒரு காலத்தில் சிப்பாய். எல்லையில் நடந்த சண்டையில் அடிபட்ட கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே முகாம்வரை நடந்து வந்தவர். கூட்டாளி வழியிலேயே இறந்துபோனான். இதை அவர் வாயால் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்பு. அதன் பிறகு அது குடும்பத்தின் சொத்தாகி, உறவுக்காரர்கள் வாயில் வளர்ந்தது. இப்போது அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். எந்த மக்குச் சீடனிடமும் குரல் உயர்த்தாதவர் என்று பெயரெடுத்தவர்.

"வாதாடாத," என்றார் அவளிடம். "வாதாடினா வீம்புக்காகவே போவான். உன் வழியில சொல்லு."

அவள் வழி என்பது புத்தகம். அந்த வீட்டில் புத்தகம் படிப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது முழுப் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுவான். கணவருக்கும் நான்கு பக்கத்துக்கு மேல் கண் சொக்கும். அதனால் அவள் நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகங்களில் படித்தே தீர வேண்டிய பக்கங்களில் மெல்லிய தாள் நறுக்குகளைச் செருகி வைப்பாள். நூலகப் புத்தகத்தில் பசை படக் கூடாது, பேனா படக் கூடாது. ஆகவே வெறுமனே செருகுவதுதான். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நறுக்குக்கு மகன் வால் என்று பெயர் வைத்தான். வால் இருக்கும் இடத்தில் திறந்து, அத்தியாயம் முடியும்வரை படித்தால் போதும். சாப்பிடும்போது மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசலாம். வால் இல்லாத பக்கம் படிக்க அம்மாவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, நமக்கு யார் கொடுக்கிறார்கள் என்பான் மகன். அவன் வளர்ந்து மீசை முளைத்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை.

ஆக, நூலகத்துக்கான அடுக்கோடு வீட்டுக்கான அடுக்கும் சேர்ந்தே வளர்ந்தது. அவள் இவ்வளவு கவனமாக எதையும் சலித்ததில்லை. தளபதிகள் எழுதியதை முதலில் ஒதுக்கினாள். அவர்கள் பதுங்குகுழியை வரைபடத்தில் பார்த்தவர்கள். சேற்றை மூன்று பத்திக்கு அழகாக வர்ணித்த ஒருவரை ஒதுக்கினாள். பேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத புத்தகத்தைச் சந்தேகத்தோடு புரட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினாள். மாதக்கணக்கில் துணி மாற்றாமல் மண்ணுக்குள் கிடந்தவனுக்குப் பேன் ஞாபகம் இல்லையென்றால், மற்றதெல்லாம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?

பிரெஞ்சுக்காரர்களையும் அமெரிக்கர்களையும் அடுத்தடுத்துப் படித்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. பிரெஞ்சுக்காரன் முதல் நாளிலிருந்து குழிக்குள் இருந்தவன். அவன் எழுத்தில் கோபம்கூடக் களைத்துப்போயிருந்தது. அமெரிக்கன் கடைசியில் வந்தவன். புது பூட்ஸ், புதுப் பாட்டு, நேரான முதுகு. சாலையில் எதிரே வந்த பிரெஞ்சுக்காரர்கள் அவனை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அவனுக்குப் புரியவே சில வாரம் பிடித்தது. உள்ளே போவது எப்படி என்று அமெரிக்கன் சொன்னான், உள்ளேயே கிடப்பது எப்படி என்று பிரெஞ்சுக்காரன் சொன்னான். மகன் இரண்டையும் படிக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள்.

வீட்டுக்கென்று கடைசியில் நின்றவை சில. அவற்றில் இரண்டை அவள் பெரிதும் நம்பினாள். ஒன்று, கடிகாரம் பழுதுபார்க்கும் பிரெஞ்சுக்காரர் எழுதியது. மற்றது, ரயில் பாதையில் வேலை பார்த்துவிட்டுப் படையில் சேர்ந்த அமெரிக்கர் எழுதியது. மூன்றாவதாக இன்னொரு அமெரிக்கரின் புத்தகமும் நன்றாகத்தான் இருந்தது. அவளை உட்கார வைத்துவிட்ட புத்தகம். ஆனால் அந்த மனிதர், தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியாக இருந்தது அந்தக் குழியில், அந்த ஆட்களோடுதான் என்று எழுதியிருந்தார். பொய்யாகவும் தெரியவில்லை. அவள் அதை நூலகத்துக்குத் தேர்ந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தாள்.

"என்ன, போருக்கு நீதான் போறியா? இப்படி மூஞ்சிய வெச்சிருக்க," என்றாள் பக்கத்து மேசைக்காரி. புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது அவள் வேலை.

வால்களைச் செருகி முடித்த அன்று கணவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். புத்தகங்களைத் தானே மகனிடம் கொடுப்பதாக. "நீ குடுத்தா மருந்துன்னு நெனைச்சு மூக்கைப் பிடிச்சுக்குவான். நான் குடுத்தா படிப்பான். எனக்கும் ஒருதடவை பார்த்த மாதிரி இருக்கும்." அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போரைப் பற்றிய பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போகிற மனிதர் மகனுக்காக இதைச் செய்கிறாரே என்று, அன்றைக்கு அவருக்கு இரண்டாவது முறை காபி போட்டுக் கொடுத்தாள்.

மகன் படித்தான். படுத்துக்கொண்டு படித்தான், மாடிப்படியில் உட்கார்ந்து படித்தான். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கடிகாரக்காரரின் புத்தகத்தோடு அவன் நிற்பதை நூலக ஜன்னல் வழியாகவே பார்த்தாள். முகம் சுருங்கும், பேச்சு குறையும், ஒருநாள் "அம்மா, யோசிக்கணும் போல இருக்கு" என்று வந்து நிற்பான் என்று காத்திருந்தாள். அவன் முகம் சுருங்கவில்லை. நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது.

சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அவனாகவே கடிகாரக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். தாக்குதலுக்கு முந்தின நாள் அவர் படைப்பிரிவில் உள்ள அத்தனை பேரின் கடிகாரத்தையும் வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே நொடிக்கு ஒப்பு வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். ஒருவன் தன்னிடம் கடிகாரம் இல்லையே என்று வெட்கப்பட, அவர் தன்னுடையதைக் கழற்றி அவன் கையில் கட்டிவிடுகிறார்.

"அந்த மாதிரி ஆளுங்களோட ஒரு நாள் இருந்தாக்கூடப் போதும்மா," என்றான். "இங்க எவன் எவனுக்கு வாட்ச் கட்டிவிடறான்?"

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வால் செருகியது அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு அடுத்த அத்தியாயத்தில். தாக்குதல் முடிந்த பிறகு கடிகாரக்காரர் சேற்றில் ஊர்ந்து போய்த் தன் ஆட்களைத் தேடுகிறார். முகத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியவில்லை. கடிகாரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரே நொடியில், அவர் ஒப்பு வைத்தபடியே. காதை வைத்துக் கேட்டுக் கேட்டு ஆட்களைக் கண்டுபிடிக்கிறார்.

"அதுக்கு அப்புறம் படிக்கலியா?" என்று கேட்டாள்.

"அத்தியாயம் அங்க முடிஞ்சுதே. அடுத்த வால் ரொம்பத் தள்ளி இருந்துது."

கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். அப்பளத்தை உடைக்கிற மாதிரி ரொட்டியை விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தார். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

மகன் வெளியே போனதும் அவள் புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள். வால்கள் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் இடம் மாறியிருந்தன. குடல் சரிந்தவன் பக்கத்திலிருந்த வால், கடைசி சிகரெட்டை ஆறு பேர் பகிர்ந்துகொள்கிற பக்கத்துக்குப் போயிருந்தது. விஷப்புகையில் கண் போனவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்த இடத்திலிருந்து, பிரெஞ்சுக் கிழவி ஒருத்தி அமெரிக்கர்களுக்குப் பூச்செண்டு நீட்டுகிற இடத்துக்கு. முன்னேற மறுத்த தங்கள் கூட்டாளிகளைச் சுடும்படி பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கே கட்டளை வந்த அத்தியாயத்தில் இருந்த வால், பதக்கம் குத்துகிற அத்தியாயத்துக்கு வந்திருந்தது. கணவரின் நிதானமான கை செய்த வேலை. கசங்கல் இல்லை, அவசரம் இல்லை. எதிரி செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். தான் சலித்துக் கொண்டுவந்த புத்தகங்களே இத்தனை நாள் தன் பிள்ளையை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கின்றன.

மறுநாள் காலை கணவர் பள்ளிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஒரு கணம் நின்றுவிட்டு, சுற்றி வந்து, வழக்கமாகத் தான் உட்காரும் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அந்தக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழக்க தோஷத்தில் அவர் கால் அதன் மேல் போய் நின்றது.

"ஏங்க மாத்தினீங்க?"

அவர் மறுக்கவில்லை. கண்ணாடி வழியே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதலில் மாற்றியது ஒரே ஒரு வால் என்றார். ரயில்பாதைக்காரர் புத்தகத்தில் இருந்தது. கூட்டாளி முள்வேலியில் மாட்டிக்கொண்டு விடிய விடியப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த அமெரிக்கர் குழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் அதிகாரி கேட்கும்போது, தூங்கிவிட்டேன், கேட்கவில்லை என்கிறார்.

"நான் யாரையும் தூக்கிட்டு வரலை," என்றார் கணவர். "என் கூட்டாளியும் அப்படித்தான் கூப்பிட்டான். முப்பது அடிகூட இருக்காது. நான் போகலை. காலைல சத்தம் நின்ன பிறகுதான் போனேன். அவங்க அம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடைசில யாராவது கூட இருந்தாங்களாப்பான்னு கேட்டாங்க. தூக்கிட்டு வந்தேம்மான்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதைத் திரும்ப விழுங்க முடியலை."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபது வருடங்களுக்கு மேலாகத் தன் பக்கத்தில் தூங்கும் மனிதர். அந்தக் கதையை நம்பித்தான், அப்பா வேண்டாமென்று சொல்லியும், இவருக்குக் கழுத்தை நீட்டினாள்.

"அந்தப் பக்கத்தை என் கையாலயே என் பிள்ளைகிட்ட எப்படிக் குடுக்கறது? அதை மட்டும் மாத்தினேன். அப்புறம் அடுத்த புத்தகத்தைத் திறந்தா, பயத்துல கால்சட்டையை நனைச்சவன் இருக்கான். அதுவும் நான்தான். நீ வால் போட்ட இடத்துல எல்லாம் நான்தான் இருந்தேன்."

"அவனை அனுப்பி வைக்கிறீங்களே."

"எல்லாருமா சாகறாங்க? போயிட்டு வரட்டும். நான் வரலையா?"

"எங்க வந்தீங்க?" என்றாள்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் தெருமுனையில் வருவது தெரிந்ததும், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பினார். "இது உன்கிட்ட மட்டும். அவன்கிட்ட வேண்டாம்." அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது.

கிளம்புவதற்கு முந்தின நாள். மகன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் இரண்டு புத்தகங்களையும், சரியான இடத்தில் வால் செருகி, அவன் கட்டிலில் வைத்தாள். வால் இடம் மாறிவிட்டது, இதைப் படித்துவிட்டு அப்புறம் போ என்றாள். யார் மாற்றினார்கள் என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள். மகன் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தான். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அந்த இரண்டின் மேல் வைத்தான். இழுப்பறையில் அவள் வைத்திருந்த அமெரிக்கரின் புத்தகம்.

அவளைத் தேடி நூலகத்துக்குப் போயிருக்கிறான். அவள் இல்லை. முத்திரைக்காரி, "உங்கம்மா இதைத் தனியா எடுத்து வெச்சிருக்கா, உனக்காத்தான் இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பாள்.

"இதுல ஒருத்தன் சொல்றான், வாழ்க்கைலயே அங்கதான் சந்தோஷமா இருந்தேன்னு. இது ஏன் வீட்டுக்கு வரலை? இதுக்கு ஏன் வால் இல்ல?"

அவள் குனிந்து அந்தப் புத்தகத்தை நேராக வைத்தாள்.

"அப்பா கள்ளத்தனமா மாத்தினார். நீ நல்லதனமா மறைச்சே. அவ்வளவுதானே வித்தியாசம்?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தாங்க முடிந்திருக்கும். "இத்தனை வருஷமா எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தானா? நான் படிச்சது எதாவது நானாப் படிச்சதா?"

கட்டிலில் கிடந்த மூன்று புத்தகங்களையும் அவள் பார்த்தாள். நூலகத்தில் உள்ள அத்தனை புத்தகங்களையும் கொண்டுவந்து கொட்டினாலும் இனி அவள் கையால் தருகிற ஒன்றையும் அவன் நம்பமாட்டான். கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கணவர் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அதைச் சாத்திவிட்டுப் பேசலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சாத்தவில்லை.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல," என்று ஆரம்பித்தாள்.

சொன்னாள். கூப்பிட்ட குரலைச் சொன்னாள், முப்பது அடியைச் சொன்னாள், காலையில் நின்ற சத்தத்தைச் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்ட தாயைச் சொன்னாள். கால்சட்டை நனைந்ததையும் விடவில்லை. அவர் சொன்னபோது தடுமாறிய இடங்களில் அவள் தடுமாறவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்த வாய். சொல்லி முடித்துத் திரும்பியபோது கணவர் வாசற்படியில், ஒரு காலில் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க தூக்கிட்டு வரலையா?" என்றான் மகன்.

அவர் மகனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார், உன்கிட்ட மட்டும் என்றேனே என்பதுபோல. "இல்ல," என்றார். கூடத்துக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்ததா, விரல் ஓடவில்லையா தெரியவில்லை, வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் முகாமுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி முனைக்கு வந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு கிளம்பிப் போயிற்று. மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. போகவில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஏன் போகவில்லை என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லையென்று அவளுக்கே பட்டது.

வெளியே கணவர் காரை எடுத்தார். முதல் மாணவர் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அவள் சமையலறைக்குப் போய் மூன்று தட்டு எடுத்து மேசையில் வைத்தாள். கார் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. ஆறிப்போவதற்குள் யாராவது வருவார்கள் என்று அவள் நிற்கவில்லை. தன் தட்டில் மட்டும் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தாள்.